நாள்பட்ட டென்ஷன் நம்ம செல்லுக்குள்ள என்ன பண்ணுது, அதை எப்படி இறக்குறது

தம்பி, முதல்ல உங்க கேள்வியை நாலு வரியில திருப்பி சொல்லிடறேன், நடுவுல வந்து படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. உங்களுக்கு வயசு 38. வீடு மடிப்பாக்கம், வேலை ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனி. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு, படுக்கையிலதான் இருக்காங்க, நீங்களும் உங்க வீட்டம்மாவும் மாத்தி மாத்தி பாத்துக்கறீங்க, அக்கா கோயம்புத்தூர்ல. உங்களுக்கு தூக்கம் கெட்டுப்போச்சு, அடிக்கடி சளி பிடிக்குது, தாடியில வெள்ளை முடி எட்டிப்பாக்குது, இந்த நேரம் பாத்து யாரோ "டென்ஷன் உங்க செல்லை உள்ளேருந்து கொல்லுது"ன்னு ஒரு வீடியோ அனுப்பிட்டாங்க, வீடியோ முடியும்போது ஒரு பொடி டப்பாவும் விக்கறாங்க. இது நிஜமா, மாத்திரை இல்லாம இயற்கையா இதை இறக்க வழி இருக்கா, டப்பாவை வாங்கலாமா, இதானே கேட்டீங்க.

நான் மெடிக்கல் காலேஜ்ல பிசியாலஜி சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவன். வைத்தியம் பாக்குறவன் கிடையாது. ஆனா உடம்புக்குள்ள எது எப்படி ஓடுதுன்னு பசங்களுக்கு தொண்டை கிழிய சொன்ன ஆளு, அதனால இதுக்கு பதில் சொல்லலாம்னு தோணுது. நீளமாதான் வரும், பொறுத்துக்கோங்க.

வீடியோல சொன்னதுக்கு அடிப்படை இருக்கு, ஆனா "கொல்லுது"ன்னு பயமுறுத்துற அளவுக்கு இல்ல. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஒரு ப்ராக்டிகல் உண்டு, அதுலேர்ந்து ஆரம்பிச்சா ஈஸியா புரியும். ஒரு பையனை ஸ்டூல்ல உக்கார வச்சு பிபி பாப்போம். அப்புறம் ஐஸ் போட்ட தண்ணியில மணிக்கட்டு வரைக்கும் கையை முக்க சொல்லுவோம், ஒரு நிமிஷம். கொஞ்ச நேரத்துலயே மூஞ்சி கோணும், சுத்தி நிக்கிற பசங்க சிரிப்பாங்க, பிபி பத்து இருபது பாயிண்ட் ஜிவ்வுன்னு ஏறும். கையை வெளிய எடுத்து துடைச்சதும் ரெண்டு மூணு நிமிஷத்துல பழைய இடத்துக்கே வந்துடும். பசங்க எல்லாரும் எவ்வளவு ஏறுச்சுன்னுதான் ரெகார்ட் நோட்ல பெருசா எழுதுவாங்க, நான் எவ்வளவு நேரத்துல இறங்குச்சுன்னு எழுதுங்கடான்னு திட்டுவேன். ஏன்னா ஏறுறது உடம்போட வேலை, அது ஏறலைன்னாதான் பயப்படணும். ஏறுனது இறங்குறதுக்குள்ள அடுத்தது, அதுக்குள்ள இன்னொன்னுன்னு கையை பக்கெட்லேர்ந்து எடுக்கவே விடலைன்னா என்ன ஆகும், அதான் உங்க கேள்விக்கு பதில்.

இப்ப உள்ள போவோம். டென்ஷன்னா முதல்ல செகண்ட் கணக்குல அட்ரினலின் வரும், படபடப்பு, கை வேர்க்கிறது எல்லாம் அது. பின்னாடியே நிமிஷ கணக்குல கார்டிசோல் வரும். மூளையில ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்கு சொல்லும், பிட்யூட்டரி அட்ரினலுக்கு சொல்லும், அட்ரினல்ங்கிறது ரெண்டு கிட்னி மேலயும் தொப்பி மாட்டுன மாதிரி உக்காந்திருக்கிற சின்ன சுரப்பி, நாலஞ்சு கிராம்தான் இருக்கும். இந்த கார்டிசோலை வீடியோக்காரங்க வில்லனாக்கிட்டாங்க, பாவம். காலையில நீங்க கண்ணு முழிச்சு அரை மணி முக்கால் மணி நேரத்துல அது உச்சத்துக்கு போறதாலதான் நீங்க எழுந்து நடமாட முடியுது, ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல அடிமட்டத்துக்கு வர்றதாலதான் தூக்கம் ஒழுங்கா நடக்குது. அது செல்லுக்குள்ள நேரா நுழைஞ்சு, அங்க இருக்கிற ஒரு ரிசெப்டார்ல, அதாவது ஹார்மோனை பிடிச்சுக்கிற புரதத்துல, ஒட்டிக்கிட்டு, நியூக்ளியஸ் வரைக்கும் போய் எந்த ஜீன் வேலை செய்யணும் எது சும்மா இருக்கணும்னு மாத்தி வைக்கும். அதுல முக்கியமான வேலை, அழற்சியை, அதான் இன்ஃபிளமேஷனை, போதும் நிறுத்துன்னு சொல்றது. டாக்டர்ங்க வீசிங்குக்கும் அலர்ஜிக்கும் ஸ்டீராய்ட் குடுக்கறாங்களே, அது கார்டிசோலோட சொந்தக்காரன்தான்.

சரி, அழற்சியை நிறுத்துற ஹார்மோன் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேன்னு பசங்க கேப்பாங்க. நல்ல கேள்வி. ஆடி மாசம் தெரு முனையில அம்மன் கோயில் ஸ்பீக்கர் கட்டுனா முதல் நாள் தூக்கம் போகும், நாலாம் நாள் அது கத்துறதே காதுல விழாது இல்லையா, ரிசெப்டாரும் அப்படித்தான் ஆயிடுது. கார்டிசோல் வந்து கத்துது, வெள்ளை அணுக்கள் காதுல வாங்கறதில்ல, அழற்சி அது பாட்டுக்கு கம்மியா புகைஞ்சுக்கிட்டே இருக்கு. உங்க சளிக்கு இதான் சம்பந்தம். ஷெல்டன் கோஹன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 1991ல அவரோட குழு இங்கிலாந்துல ஆரோக்கியமா இருந்த 394 பேருக்கு மூக்குல சளி வைரஸை சொட்டு விட்டே பாத்தாங்க. டென்ஷன் ஸ்கோர் ஏற ஏற சளி பிடிக்கிறதும் படிப்படியா ஏறுச்சு. 2012ல அதே ஆளு இன்னொரு ஆராய்ச்சி பண்ணி, நாள்பட்ட டென்ஷன்ல இருக்கறவங்களோட வெள்ளை அணுக்கள் கார்டிசோல் சொல்றதை கேக்கறதில்ல, அப்படி கேக்காதவங்களுக்குதான் சளி ஜாஸ்தின்னு காமிச்சாரு. ஆக உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாம போயிடலை. இருக்கிற சக்திக்கு பிரேக் வேலை செய்யலை.

இந்த ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சியை ஆரம்பிச்சு வச்சது ஹான்ஸ் செல்யே, 1936ல, மான்ட்ரியால்ல. எலிகளை விதவிதமா கஷ்டப்படுத்தி பாத்தப்ப எல்லாத்துலயும் ஒரே மூணு விஷயம், அட்ரினல் பெருசாகுது, எதிர்ப்பு செல்கள் வளர்ற தைமஸ் சுருங்குது, வயித்துல புண்ணு. (வயித்துப்புண் எல்லாத்துக்கும் டென்ஷனை காரணம் சொல்லாதீங்க, அல்சர்ல பெரும்பாலும் ஹெலிகோபாக்டர்னு ஒரு பாக்டீரியா இருக்கும், அதை கண்டுபிடிச்சவங்களுக்கு 2005ல நோபல் குடுத்தாங்க. நெஞ்செரிச்சல் விடாம இருந்தா அதை டெஸ்ட் பண்ணுங்க.)

நீங்க அம்மாவை பாத்துக்கறதால உங்களுக்கு நேரா பொருந்துற ஒரு ஆராய்ச்சி இருக்கு, எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப பிடிச்சதே இதான். அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டியில ஜானிஸ் கீகால்ட் கிளேசர்னு ஒரு அம்மா, 1995ல, மறதி நோய் வந்த சொந்தக்காரங்களை வீட்டுல வச்சு பாத்துக்கிற 13 பெண்களையும், அதே வயசுல அந்த பாரம் இல்லாத 13 பெண்களையும் கூப்பிட்டு, ஒவ்வொருத்தர் முன்கையிலயும் மூன்றரை மில்லிமீட்டர்ல ஒரு சின்ன துளை போட்டாங்க, மரத்துப்போக ஊசி போட்டுட்டுதான். அப்புறம் அது ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவ்ளோதான் பரிசோதனை. பாத்துக்கிற பெண்களுக்கு அந்த புண்ணு ஆற 9 நாள் ஜாஸ்தி ஆச்சு. மூணு வருஷம் கழிச்சு இன்னொன்னு, இந்த தடவை பல் டாக்டருக்கு படிக்கிற 11 பேர். மேலண்ணத்துல ஒரு புண்ணு சம்மர் லீவுல, இன்னொன்னு பரீட்சைக்கு மூணு நாள் முன்னாடி, அதே ஆளுக்கு. பரீட்சை நேரத்து புண்ணு ஆற மூணு நாள் கூட எடுத்துச்சு, அதாவது 40 சதவீதம் மெதுவா, ஒருத்தருக்குக்கூட லீவுல ஆறுன வேகத்துல ஆறலை. புண்ணு ஆறுறதுங்கிறது என்ன, செல் பிரியணும், நகர்ந்து வந்து மூடணும், அதுக்கு சரியான நேரத்துல அழற்சி வந்து சரியான நேரத்துல போகணும். "டென்ஷன் செல்லை பாதிக்குமா"ங்கிறதுக்கு இதைவிட கண்ணால பாக்குற சாட்சி வேற என்ன வேணும், ஷேவ் பண்ணும்போது பட்ட கீறல் எத்தனை நாள்ல ஆறுதுன்னு நீங்களே கவனிச்சா தெரியும்.

அடுத்தது டெலோமியர், வீடியோவுல இதைத்தான் பெருசா காமிச்சிருப்பாங்க. குரோமோசோம் நுனியில ஒரே டிஎன்ஏ வரிசை திரும்பத் திரும்ப இருக்கும், செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அது கொஞ்சம் குறையும், ரொம்ப குறைஞ்சா செல் பிரியறதை நிறுத்திடும். இதை கண்டுபிடிச்சதுக்கு 2009ல எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூணு பேருக்கு நோபல் வந்துச்சு. அந்த பிளாக்பர்ன் அம்மாவும் எலிசா எபெலும் 2004ல 58 அம்மாக்களை பாத்தாங்க, அதுல 39 பேருக்கு நாள்பட்ட நோய் இருக்கிற குழந்தை. ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கேன்னு சொன்ன அம்மாக்களோட டெலோமியர் பத்து வருஷமாவது வயசு கூடுன அளவுக்கு குட்டையா இருந்துச்சு. உடனே உலகம் பூரா டென்ஷன்னா பத்து வருஷம் போச்சுன்னு எழுதிட்டாங்க. ஆனா அதே கட்டுரையில இருக்கிற இன்னொரு விஷயத்தை யாரும் சொல்றதில்ல. நோயாளி குழந்தை இருக்கிற அம்மாக்களையும் இல்லாதவங்களையும் மொத்தமா எடுத்து பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. எத்தனை வருஷமா பாத்துக்கறாங்க, அதை எவ்வளவு பாரமா உணர்றாங்க, இதுலதான் வித்தியாசம் இருந்துச்சு. அப்புறம் பல ஆராய்ச்சிகளை சேத்து பாத்தப்ப டென்ஷனுக்கும் டெலோமியருக்கும் தொடர்பு இருக்கு, ஆனா சின்னதுதான்னு வந்துச்சு. அதனால டெலோமியர் டெஸ்ட்னு யாராவது ஆயிரக்கணக்குல காசு கேட்டா குடுக்காதீங்க, ஒரு தனி ஆளுக்கு அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

மைட்டோகாண்ட்ரியா, அதான் செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற குட்டி உறுப்பு, பத்தாங்கிளாஸ்ல படிச்சிருப்பீங்க. அதுக்குன்னு தனியா 37 ஜீன் உண்டு, அது அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான் வரும். டென்ஷன் ஹார்மோன் என்ன பண்ணும்னா, ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ ஆகும்னு லிவர்லேர்ந்து சர்க்கரையையும் தொப்பையிலேர்ந்து கொழுப்பையும் ரத்தத்துல இறக்கி விடும். நீங்க ஓடவும் இல்ல, சண்டை போடவும் இல்ல, துரைப்பாக்கம் சிக்னல்ல வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு மேனேஜர் மெசேஜை பாத்துக்கிட்டு இருக்கீங்க. வந்த எரிபொருளை செலவு பண்ண ஆளில்ல. அப்ப மைட்டோகாண்ட்ரியாவுல தேவையில்லாத ஆக்சிஜன் கழிவு ஜாஸ்தியாகுது, மைட்டோகாண்ட்ரியாவே நாளடைவுல துண்டு துண்டா உடைஞ்சு திறன் குறையுது, கொலம்பியா யூனிவர்சிட்டியில மார்ட்டின் பிகார்ட்னு ஒருத்தர் இதையே தொழிலா ஆராயறாரு. செலவாகாத சர்க்கரை எங்க போகும், தொப்பையில உக்காரும், ரத்தத்துலயே நிக்கும், நம்ம ஊர்ல சுகர் எவ்வளவுன்னு நான் சொல்லணுமா, ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2023ல வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவுல பத்து கோடி பேர்.

தாடி நரைக்கு வருவோம், இதுல நல்ல சேதி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. 2020ல ஹார்வர்ட்ல எலிகள்ல பாத்தாங்க, டென்ஷன்ல நரம்பு நுனியிலேர்ந்து நார்அட்ரினலின் கொட்டி, முடிக்கு நிறம் குடுக்கிற ஸ்டெம் செல் எல்லாம் ஒரே நேரத்துல வேலைக்கு கிளம்பி தீந்துபோகுது, தீந்தா தீந்ததுதான். ஆனா அடுத்த வருஷமே பிகார்ட் குழு மனுஷங்க முடியை எடுத்து, ஒரு மில்லிமீட்டரை இருபதா நறுக்குன அளவுக்கு ஸ்லைஸ் போட்டு பாத்தாங்க, ஒரு ஸ்லைஸ்னா கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்து வளர்ச்சி. 14 பேர்தான். அதுல சில முடிகள் நரைச்சு திரும்ப கறுத்திருந்துச்சு, ஒரு ஆளு டூர் போயிருந்த நாட்கள்ல மட்டும் அவரோட அஞ்சு முடி ஒரே சமயத்துல கறுப்புக்கு திரும்பியிருந்துச்சு. அதுக்காக நீங்க ஊட்டிக்கு டிக்கெட் போட்டா தாடி கறுத்துடும்னு நினைக்காதீங்க, இப்பதான் நரைக்க ஆரம்பிச்ச முடியிலதான் அது நடக்கும். 2023ல இன்னொன்னு வந்துச்சு, இடுப்பு எலும்பு உடைஞ்சு அவசர ஆபரேஷன் ஆன வயசானவங்க ரத்தத்துல, டிஎன்ஏ மேல ஒட்டியிருக்கிற மீத்தைல்ங்கிற ரசாயன குறிகளை வச்சு செல்லோட வயசை கணக்கு போட்டாங்க. ஆபரேஷனுக்கு மறுநாள் வயசு கூடியிருந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள பழையபடி இறங்கிடுச்சு. அதாவது இறங்க வாய்ப்பு குடுத்தா செல்லும் இறங்குது. வீடியோக்காரன் இதை சொல்ல மாட்டான், சொன்னா டப்பா விக்காது.

இப்ப இறக்குற வழி. எல்லாத்துக்கும் முன்னாடி தூக்கம், ஆனா "எட்டு மணி நேரம் தூங்குங்க"ன்னு உங்ககிட்ட சொல்ற ஆளுக்கு படுக்கையில ஒரு நோயாளி வச்சு பாத்துக்கறதுன்னா என்னன்னே தெரியாதுன்னு அர்த்தம். படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவை திருப்பி படுக்க வைக்கணும், நீங்களும் மனைவியும் ரெண்டு பேருமே ஒவ்வொரு தடவையும் முழிச்சுக்கறீங்கன்னு எழுதியிருந்தீங்க. அங்கதான் தப்பு. ராத்திரியை ரெண்டா வெட்டுங்க. ஒம்பதரையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தர் டியூட்டி, ரெண்டிலேர்ந்து ஆறரை வரைக்கும் இன்னொருத்தர், டியூட்டி இல்லாத ஆளு வேற ரூம்ல கதவை சாத்திக்கிட்டு படுக்கணும். நாலரை மணி நேரம் ஒரே மூச்சா தூங்குறது, துண்டு துண்டா ஏழு மணி நேரம் படுத்துக் கிடக்கறதைவிட மேல். அம்மா வலது பக்கம் பலமில்லாதவங்க, அதனால ஒரு ஆளா திருப்பறதுக்கு அடியில விரிக்கிற ஷீட்டை பிடிச்சு இழுக்கற முறை இருக்கு, பிசியோதெரபிஸ்ட் பத்து நிமிஷத்துல கத்துக்குடுத்துடுவாங்க. ஏர் பெட் வாடகைக்கே கிடைக்குது, அது அழுத்தத்தை குறைக்கும், ஆனா திருப்பறதை நிறுத்திடாதீங்க. அப்புறம் காபி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு குடிச்ச டிகாக்ஷன்ல இருக்கிற கஃபீன்ல பாதி ராத்திரி பத்து மணிக்கும் ரத்தத்துல இருக்கும், மதியம் ரெண்டு மணியோட நிறுத்துங்க. தூக்கம் வர்றதுக்காக ஒரு பெக் போடற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, தூக்கம் வரும், நடு ராத்திரி உடைஞ்சுடும்.

மூச்சு. இதை நான் லேப்ல கண்ணால காமிச்சு சொல்லிக்குடுத்த விஷயம், நீங்களே இப்ப செஞ்சு பாக்கலாம். கட்டை விரலுக்கு கீழ மணிக்கட்டுல நாடியை பிடிங்க. மூச்சை மெதுவா இழுங்க, நாடி கொஞ்சம் வேகமாகும். மெதுவா விடுங்க, நாடி இழுத்து இழுத்து அடிக்கும். விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துது, அதான். ஆக, விடற நேரத்தை நீட்டுனா நிதானம் நீளும். நாலு எண்ற வரைக்கும் இழுத்து ஆறு எண்ற வரைக்கும் விட்டா பத்து செகண்ட், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. இந்த ஆறுங்கிற கணக்குல ஒரு சுவாரஸ்யம் இருக்கு, 2001ல இத்தாலியில பெர்னார்டின்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் ஜெபமாலையை லத்தீன்ல சொல்ல வச்சும் மந்திரம் சொல்ல வச்சும் மூச்சை அளந்தாங்க, ரெண்டுலயும் மூச்சு தானா நிமிஷத்துக்கு ஆறுக்கு வந்து நின்னுச்சு, இதயத் துடிப்பும் பிபியும் அதோட சேந்து ஆடுச்சு. சாந்தோம் சர்ச்ல சாயங்காலம் மாலை உருட்டுற பாட்டிக்கும் மயிலாப்பூர்ல பாராயணம் பண்ற மாமிக்கும் நடக்கறது ஒண்ணுதான்னு நான் கிளாஸ்ல சொன்னா பசங்க ஒரு நிமிஷம் அமைதியாயிடுவாங்க. சாமி நம்பிக்கை இல்லைன்னா சும்மா எண்ணுங்க, வேகஸ் நரம்புக்கு அதெல்லாம் தெரியாது. 2023ல ஸ்டான்போர்ட்ல இன்னொரு முறை பாத்தாங்க, மூக்கால ரெண்டு தடவை அடுத்தடுத்து இழுத்து வாயால நீளமா விடறது, பெருமூச்சு மாதிரி, தினம் அஞ்சு நிமிஷம், ஒரு மாசம். சும்மா உக்காந்து தியானம் பண்ணவங்களைவிட இவங்க மனசு லேசானது ஜாஸ்தி. அம்மாவுக்கு டியூபோ டயப்பரோ மாத்தி கையை கழுவிட்டு வந்ததும் அங்கயே நின்னு செய்யலாம். கபாலபாதி மாதிரி வேகமா அடிக்கிற மூச்சை இதுக்கு எடுத்துக்காதீங்க, அது உடம்பை தூக்கி விடற வகை, பிபி இருந்தா வேண்டவே வேண்டாம். ஆள் முன்னாடி உக்காந்து கத்துக்கணும்னா மந்தவெளி பக்கம் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் 1976லேர்ந்து இருக்கு, அவங்க ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா பாத்து சொல்லிக்குடுக்கிற வழக்கம் எனக்கு பிடிக்கும்.

நடை. சர்க்கரையை இறக்கி விட்டுட்டு செலவு பண்ண ஆளில்லைன்னு மேல சொன்னேன்ல, அந்த ஆளு இதான். மறதி நோய்க்காரங்களை பாத்துக்கிறவங்க கொஞ்சம் பேரை 24 வாரம், ஒரு தடவைக்கு 40 நிமிஷம், வாரத்துக்கு மூணிலேர்ந்து அஞ்சு தடவை வேர்க்க நடக்கவோ ஓடவோ வச்சாங்க, அதை 2018ல வெளியிட்டாங்க. ஸ்ட்ரெஸ் உணர்றது குறைஞ்சுச்சு, வெள்ளை அணுக்கள்ல டெலோமியர் மத்தவங்களைவிட நீளமாவே ஆச்சு. பாரம் அப்படியேதான் இருந்துச்சு, அதை கவனிங்க. 40 நிமிஷம் முடியலைன்னா 20 நிமிஷம் மரம் செடி இருக்கிற இடத்துல, மிச்சிகன்ல 2019ல பாத்தப்ப 20லேர்ந்து 30 நிமிஷத்துலதான் எச்சில்ல கார்டிசோல் வேகமா இறங்குச்சு. உங்க பக்கம் ரேடியல் ரோட்டுல பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி பூங்கா இருக்கு, காலையில போனா பறவையும் பாக்கலாம். போனை வண்டியிலயே வச்சுட்டு போங்க. மே மாசம் சென்னையில ஏழரை மணிக்கு மேல நடக்கறது வேற வகை டென்ஷன், அதுக்குள்ள முடிச்சுடுங்க.

சாப்பாட்டுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. நேரத்துக்கு சாப்பிடுங்க, ராத்திரி பதினோரு மணிக்கு ஆப்ல பிரியாணி போட்டு சாப்பிடறதை நிறுத்துங்க, சுண்டல் கீரை மீன்னு வீட்டு சாப்பாடே போதும்.

அந்த டப்பா. நீங்க அனுப்பின போட்டோல இருந்தது முக்கால்வாசி அமுக்கரா பொடி, அஸ்வகந்தான்னு இங்கிலீஷ்ல பெருசா போட்டிருக்கான். அதுக்கு ஆராய்ச்சி இல்லாம இல்ல, 2012ல ஹைதராபாத்ல 64 பேருக்கு 60 நாள் குடுத்து பாத்ததுல கார்டிசோல் கால்வாசிக்கு மேல குறைஞ்சதா வந்துச்சு. ஆனா 64 பேர், ரெண்டு மாசம், அவ்ளோதான். இன்னொரு பக்கம் லிவர் பாதிச்ச கேஸ்கள் பல நாட்டுலேர்ந்து வந்திருக்கு, தைராய்ட் மாத்திரை எடுக்கறவங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் ஆகாது, டென்மார்க்ல 2023ல தடையே பண்ணிட்டாங்க. இயற்கைன்னா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல தம்பி, அரளி விதையும் இயற்கைதான். சாப்பிட்டே ஆகணும்னா பதிவு பெற்ற சித்த மருத்துவர்கிட்ட நேர்ல போய், மத்த மாத்திரை எல்லாத்தையும் காமிச்சு கேட்டு வாங்குங்க. அதே வீடியோல "அட்ரினல் சோர்வு"ன்னு ஒரு வியாதி சொன்னாங்களாமே, ஹார்மோன் டாக்டருங்க அப்படி ஒரு வியாதியை ஒத்துக்கறதே இல்ல. கார்டிசோலும் சும்மா ஒரு நேரத்துல ரத்தம் எடுத்து பாத்தா காலையா ராத்திரியாங்கிறதை பொறுத்தே தலைகீழா இருக்கும். காசு செலவு பண்ணணும்னா தைராய்ட், ஹீமோகுளோபின், பி12, மூணு மாச சுகர், பிபி இதை பாருங்க, அசதிக்கு இதுல ஏதாவது ஒண்ணு காரணமா இருக்க நிறைய வாய்ப்பு. குறட்டை பலமா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நெஞ்சுல அழுத்தம் வந்தா டென்ஷன்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. வாழ்ந்து என்ன ஆகப்போகுதுங்கிற மாதிரி எண்ணம் எட்டிப்பாத்தா அன்னைக்கே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, எந்த நேரமும் தமிழ்ல பேசுவாங்க.

மூச்சும் நடையும் ஒரு அளவுக்குத்தான். பிரிட்டன்ல அரசு ஊழியர்களை 1967லேர்ந்து வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க, மைக்கேல் மார்மட்னு ஒருத்தர் அதை வச்சுதான் பேர் வாங்கினாரு. மேல இருக்கிற அதிகாரிக்குதான் டென்ஷன் ஜாஸ்தி, அவருக்குதான் ஹார்ட் அட்டாக் வரும்னு எல்லாரும் நினைச்சாங்க, வந்தது கீழ்மட்ட ஆளுங்களுக்கு. சிகரெட், பிபி எல்லாத்தையும் கழிச்சும் வித்தியாசம் மிச்சம் இருந்துச்சு, பின்னாடி பாத்தா தன் வேலை மேல தனக்கு பிடி இல்லாததுக்கு அதுல பெரிய பங்கு. அதனால உங்க கேஸ்ல எனக்கு முக்கியமா படறது, எது உங்க கையில இல்லாம ஓடுதோ அதுல ரெண்டை கைக்கு கொண்டு வர்றது. ஆபீஸ்ல எச்ஆர்கிட்ட அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரியை வச்சு, வாரத்துல இன்ன இன்ன நாள் வீட்டுலேர்ந்து வேலைன்னு நிலையா எழுதி வாங்குங்க, தினம் தினம் கெஞ்சி கேக்கறதுதான் கொல்றது. அக்காகிட்ட "முடிஞ்சா வா"ன்னு சொல்லாதீங்க, மாசத்துல இந்த வாரம் உன்னோடதுன்னு தேதி போட்டு கேளுங்க, வர முடியலைன்னா அந்த வாரத்துக்கு ராத்திரி ஆள் வைக்கிற செலவை ஏத்துக்க சொல்லுங்க. உங்க வீட்டம்மாவுக்கும் இதே செல்லு, இதே கார்டிசோல்தான், கேள்வியில அவங்களைப் பத்தி ஒரு வரிதான் இருந்துச்சு. அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம்னு 2021லேர்ந்து நம்ம தமிழ்நாட்டு அரசு திட்டம் நடக்குது, படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் பராமரிப்பும் பாப்பாங்க, காசு கிடையாது. மடிப்பாக்கம் இப்ப கார்ப்பரேஷன்தானே, உங்க வார்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மாவோட ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டோட ஜெராக்ஸ் குடுத்து பேர் பதிஞ்சுட்டு வாங்க. காலையிலயே போயிடுங்க, மதியத்துக்கு மேல ஆளைப் பிடிக்கிறது கஷ்டம்.